கொடுக்கிணைப்பான்களும் மனித நொதிகளும்

மனித உடலில் இடைவிடாது நிகழும் இரசாயன மாறுதல்களை விரைவுபடுத்தி ஒழுங்குபடுத்துபவை நொதிகள் ஆகும். என்சைம்கள் என்றும் இவை வழங்கப்பெறும். உண்ட உணவு செரிப்பதும், இரத்தத்தில் சேரும் கரியமில வாயு நுரையீரல் வழியே வெளியேறுவதும், குழந்தையின் எலும்பு உறுதிப்படுவதும், காயத்தில் இரத்தம் உறைவதும் நொதிகளின் தொழிலே. நொதிகள் பெரும்பாலும் புரதங்கள். ஆயினும் புரதம் மட்டும் அமைந்துவிட்டால் ஒவ்வொரு நொதியும் தொழிற்படும் என்று கொள்வதற்கில்லை. நொதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, துத்தநாகம், மக்னீசியம், கால்சியம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ் போன்ற ஏதேனும் ஓர் உலோகத்தின் துணை இன்றியமையாததாக இருக்கின்றது.

உலோக அயனிகளை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய சேர்மங்கள் சில உள்ளன. அவை கொடுக்கிணைப்பான்கள் எனப்படும். காரீய நஞ்சேறிய குழந்தைக்கு மருந்தாகவும், இரத்த மாதிரி உறையாமல் காக்கும் பொருளாகவும், நீரின் கடினத்தன்மையை அளக்கும் துணைப்பொருளாகவும் இவை பயன்படுகின்றன. நச்சு உலோகத்தைப் பற்றும் அதே கொடுக்கு, உயிருக்கு வேண்டிய உலோகத்தையும் பற்றக்கூடும். ஆதலால் இவற்றால் ஒரு நொதி மீட்சி பெறுவதும் உண்டு. மற்றொரு நொதி முடங்குவதும் உண்டு. எந்நிலையில் எது நேரும் என்பதை அறிந்திருத்தல், இரத்த மாதிரி எடுக்கும் சுகாதார ஊழியர்க்கும், இரசாயனமும் உயிரியலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பெரிதும் பயன்படும்.

நொதியில் உலோகத்தின் பணி

கரியமில வாயுவை நீருடன் சேர்த்துக் கரிய அமிலமாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் மிகுதியாக உள்ளது. அந்நொதியில் துத்தநாகம் அமைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜில் கீலின், மான் என்னும் அறிஞர்கள் 1939-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். உயிரினங்களுக்குத் துத்தநாகம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு முதன்முதலில் தெளிவான விடை கிடைத்தது அப்போதுதான். புரதத்தின் மூன்று ஹிஸ்டிடின் பகுதிகள் துத்தநாக அயனியைத் தாங்கி நிற்கின்றன. நான்காவது பக்கத்தில் ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருக்கின்றது. துத்தநாகத்தின் ஈர்ப்பால் அந்நீர் எளிதில் ஒரு புரோட்டானை இழந்து, கரியமில வாயுவுடன் சேர ஆயத்தமாகின்றது. இந்த ஏற்பாட்டினால், விரைவு மிகுந்த வகையைச் சேர்ந்த ஒரு நொதி மூலக்கூறு ஒரு விநாடியில் ஏறத்தாழ பத்து லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றவல்லது. துத்தநாகம் நீங்கினால் இத்தொழில் நின்றுவிடும்.

எலும்பிலும் கல்லீரலிலும் காணப்படும் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்னும் நொதியின் ஒவ்வொரு செயல்மையத்திலும் இரண்டு துத்தநாக அயனிகளும் ஒரு மக்னீசிய அயனியும் உள்ளன. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமிலேஸ், தன் வடிவம் குலையாதிருக்கக் கால்சியத்தை நாடுகின்றது. சர்க்கரையைப் பயன்படுத்தும் முதற்படியை நடத்தும் ஹெக்சோகைனேஸ் போன்ற நொதிகள், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை மக்னீசியத்துடன் சேர்ந்த நிலையிலேயே ஏற்கின்றன.

இவற்றை ஒப்புநோக்கினால் இருவகை விளங்கும். சில நொதிகளில் உலோகம் புரதத்தின் உறுப்பாகவே இறுகிப் பதிந்துள்ளது. இவை உலோக நொதிகள். மற்றவற்றில் உலோகம் தளர்வாக வந்து சேர்ந்து, வேலை முடிந்ததும் பிரிந்து செல்கின்றது. இவை உலோகத்தால் ஊக்கம் பெறும் நொதிகள். கொடுக்கிணைப்பான் இரண்டாம் வகை நொதிகளை உடனே தாக்குகின்றது. முதல் வகையை வெல்வதற்கு அதற்கு வலிமையும் வேண்டும், காலமும் வேண்டும்.

கொடுக்கிணைப்பு என்பது யாது?

ஓர் உலோக அயனியை ஒரே மூலக்கூறு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அணுக்களால் ஒருசேரப் பற்றி, உலோகத்தையும் உள்ளடக்கிய வளையத்தை உண்டாக்குவதே கொடுக்கிணைப்பு ஆகும். நண்டு தன் கொடுக்கினால் இரையைப் பற்றுவதை இது ஒத்திருப்பதால், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று மார்கன், ட்ரூ என்னும் ஆங்கில அறிஞர்கள் 1920-ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் அமைத்தனர். ஒரே அணுவால் பற்றிய பொருள் எளிதில் நழுவிவிடும். பல அணுக்களால் பற்றியிருக்கும்போது ஒரு பிடி தளர்ந்தாலும் மற்றவை விடுவதில்லை; தளர்ந்த பிடியும் மீண்டும் பற்றிக்கொள்கின்றது.

இத்தகைய சேர்மங்களுள் மிகவும் பயன்பாட்டில் உள்ளது எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசெட்டிக் அமிலம். இதன் நீண்ட பெயரைச் சுருக்கி இ.டி.டி.ஏ. என்பர். சாயத் தொழிலில் கடின நீரால் நேர்ந்த இடையூற்றை நீக்குவதற்காக, இறக்குமதியான சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றாக, ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஃபெர்டினான்ட் மியூன்ட்ஸ் 1930-களின் நடுவில் இதனை ஆக்கினார். இரண்டு நைட்ரஜன் அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களுமாக ஆறு பிடிகளால் இது உலோகத்தைச் சூழ்ந்துகொள்கின்றது. சூரிச் நகரத்து ஷ்வார்ட்சன்பாக் இதனைக் கொண்டு உலோகங்களை அளவிடும் முறைகளை 1940-களில் வகுத்தளித்தார்.

பற்றின் வலிமை எல்லா உலோகங்களிடத்தும் ஒன்றன்று. இதனை நிலைப்பு மாறிலி என்னும் எண்ணால் குறிப்பர். அவ்வெண் மிகப் பெரிதாகலின் அதன் மடக்கையே வழக்கமாகத் தரப்படும். இ.டி.டி.ஏ.-வுக்கு மக்னீசியத்துடன் 8.7, கால்சியத்துடன் 10.7, துத்தநாகத்துடன் 16.5, காரீயத்துடன் 18.0, தாமிரத்துடன் 18.8, ஃபெரிக் இரும்புடன் 25.1 என்பன மடக்கை மதிப்புகள். மடக்கையில் ஒன்று கூடினால் வலிமை பத்து மடங்கு கூடியதாகப் பொருள். எனவே கால்சியத்தைக் காட்டிலும் துத்தநாகத்தை இது ஏறத்தாழ 6 லட்சம் மடங்கும், காரீயத்தை ஏறத்தாழ 2 கோடி மடங்கும் வலிமையாகப் பற்றுகின்றது. கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து இவ்வலிமை குறைவதுண்டு. ஆயினும் ஓர் உலோகத்துக்கும் மற்றோர் உலோகத்துக்கும் உள்ள இந்த விகிதம் பெரிதும் மாறுவதில்லை. பின்னர் வரும் செய்திகளுக்கெல்லாம் இவ்வெண்களே அடிப்படை.

கொடுக்கிணைப்பு உடலுக்குப் புதிய செயலன்று. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் ஹீம் ஒரு கொடுக்கிணைப்புச் சேர்மமே. எலுமிச்சையிலும் உயிரணுவிலும் உள்ள சிட்ரேட்டும் உலோகத்தைப் பற்றுவதே. கூர்ந்து நோக்கினால், உலோகத்தைத் தன் செயல்மையத்தில் பல அணுக்களால் பிடித்திருக்கும் நொதியும் ஒரு கொடுக்குதான். ஆகவே கொடுக்கிணைப்பானுக்கும் நொதிக்கும் இடையே நிகழ்வது, ஓர் உலோகத்துக்காக இரண்டு கொடுக்குகள் நடத்தும் போட்டியாகும்.

நொதி முடங்கும் வழிகள்

இப்போட்டியில் நொதி தோற்பது மூன்று வழிகளில் நிகழலாம்.

முதலாவது, உலோகம் நொதியைவிட்டு அகற்றப்படுவது. கணையத்தில் உண்டாகும் கார்பாக்சிபெப்டிடேஸ் என்னும் செரிமான நொதியில் துத்தநாகம் இருப்பதை வாலி, நியூராத் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1954-ஆம் ஆண்டில் நிறுவினர். மாட்டுக் கணையத்தினின்று எடுத்த அந்நொதியுடன் ஃபினாந்த்ரோலின் என்னும் கொடுக்கிணைப்பானைச் சேர்த்தபோது அதன் செயல் நின்றது. துத்தநாகம் நீங்கிய புரதத்துக்கு மீண்டும் துத்தநாகம் அளித்தபோது செயல் திரும்பியது. துத்தநாகத்துக்குப் பதிலாகக் கோபால்ட்டை அளித்தபோதும் அது தொழிற்பட்டது. புரதம் அழியவில்லை, கருவியை மட்டுமே இழந்திருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

இரண்டாவது, உலோகம் இருந்த இடத்திலேயே மறைக்கப்படுவது. உயர் இரத்த அழுத்தத்துக்கு அளிக்கப்படும் காப்டோப்ரில் என்னும் மருந்து இதற்கு நல்ல சான்று. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை ஆக்கும் மாற்று நொதியின் செயல்மையத்தில் துத்தநாகம் உள்ளது. காப்டோப்ரில் தன் கந்தக அணுவால் அத்துத்தநாகத்தைத் தொட்டு நிற்பதால், நொதி தன் வேலையைச் செய்ய இயலாமற் போகின்றது. ஒரே பிடியால் பற்றுவதால் இது கொடுக்கிணைப்பான் என்னும் இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்தாது; ஆயினும் வழி அதுவே. இதில் துத்தநாகம் உடலைவிட்டு நீங்குவதில்லை.

மூன்றாவது, நொதியைத் தொடாமலே சுற்றுப்புறத்தில் உள்ள உலோகத்தைக் கவர்ந்துகொள்வது. மரபுப் பொருளான டி.என்.ஏ.-வைச் சிதைக்கும் நொதிகள் பலவற்றுக்கும், அதனைப் பெருக்கும் நொதிகளுக்கும் மக்னீசியம் வேண்டும். டி.என்.ஏ. கரைசலைச் சேமிக்கும்போது சிறிது இ.டி.டி.ஏ. சேர்த்துவைத்தால் சிதைக்கும் நொதி செயலற்றுப்போகும். அதே இ.டி.டி.ஏ. மிகுந்துவிட்டால், பின்னர் நடத்தப்பெறும் பி.சி.ஆர். பரிசோதனையில் பெருக்கும் நொதியும் செயலற்றுப்போகும்.

வலிமையின் கணக்கு மட்டும் போதாது என்பதும் இங்கே கருதத்தக்கது. இ.டி.டி.ஏ. துத்தநாகத்தை மிக வலிமையாகப் பற்றுவதாயினும், கார்பானிக் அன்ஹைட்ரேஸின் குழிந்த மையத்தினுள் இருக்கும் துத்தநாகத்தை அது மிக மெதுவாகவே வெளியேற்றுகின்றது. அதனினும் சிறிய டைபிகோலினிக் அமிலம் அவ்வேலையை விரைந்து செய்து முடிக்கின்றது. கொடுக்கின் அளவும், அது சென்று சேரக்கூடிய இடமும் வலிமைக்கு நிகராகக் கணக்கில் கொள்ளவேண்டியவை.

நஞ்சினின்று மீளும் நொதி

நச்சு உலோகங்கள் கேடு விளைவிப்பது பெரும்பாலும் நொதிகளின் வாயிலாகவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லூயிசைட் என்னும் ஆர்சனிக் நச்சுப் பொருளுக்கு மாற்று மருந்து தேடும் பணி ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் தலைமையில் நடைபெற்றது. பைருவேட் என்னும் பொருளை எரித்து ஆற்றல் தரும் நொதித் தொகுதியை ஆர்சனிக் முடக்குவதையும், அருகருகே அமைந்த இரண்டு கந்தக அணுக்களை அது ஒருசேரப் பற்றுவதையும் அவர்கள் உணர்ந்தனர். அங்ஙனமாயின், அருகருகே இரண்டு கந்தக அணுக்களை உடைய சிறு மூலக்கூறு ஒன்று ஆர்சனிக்கை நொதியினின்று இழுத்துக்கொள்ளும் அன்றோ? இவ்வாறு பிறந்த மருந்தே டைமெர்கேப்ரால். இது பற்றிய செய்தி 1945-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. ஒற்றைக் கந்தக அணு உடைய சேர்மங்கள் தராத பாதுகாப்பை இரட்டைப் பிடியுடைய இம்மருந்து தந்தது.

இன்று பொது நலத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கும் நச்சு உலோகங்களுள் காரீயம் முதன்மையானது. பேச்சு வழக்கில் ஈயம் என்னும் சொல் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் பொதுவாகக் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசத்தக்கது வெள்ளீயம். இங்கே பேசப்படுவது காரீயமாகும். ஹீம் உருவாகும் வழியில் இரண்டாம் படியை நடத்தும் நொதி, டெல்டா அமினோலெவுலினிக் அமில டிஹைட்ரடேஸ். எட்டுத் துணைப் பகுதிகளால் ஆகிய இந்நொதியில் துத்தநாகத்தை மூன்று கந்தக அணுக்கள் தாங்குகின்றன. கந்தகத்தைத் துத்தநாகத்தினும் வலிமையாக நாடும் காரீயம், அதனைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துகொள்கின்றது. நொதி முடங்குகின்றது, அமினோலெவுலினிக் அமிலம் இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகுகின்றது. ஹீமில் இரும்பைப் பொருத்தும் இறுதிப் படியும் தடைப்படுவதால், இரும்பு சேரவேண்டிய இடத்தில் துத்தநாகம் சேர்ந்த சேர்மம் சிவப்பணுக்களில் மிகுகின்றது. இரத்த சோகை பின்தொடர்கின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு நேரும் கேடு இவை அனைத்தினும் கொடிது.

கொடுக்கிணைப்பான் காரீயத்தை ஈர்த்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும்போது, முடங்கிய நொதிகள் மீண்டும் தம் உலோகத்தைப் பெற்றுத் தொழிற்படத் தொடங்குகின்றன. நொதியின் செயலைக் குறைக்கும் பொருளே இங்கு நொதியின் செயலைக் கூட்டும் பொருளாகின்றது.

இரண்டு உப்புகள், இரண்டு விளைவுகள்

காரீய நஞ்சுக்கு இ.டி.டி.ஏ. 1950-களின் தொடக்கத்தினின்று அளிக்கப்பட்டு வருகின்றது. ஆனால் அளிக்கப்படுவது கால்சியம் சேர்ந்த உப்பாகிய கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. ஆகும். இதன் கொடுக்கு முன்னரே கால்சியத்தைப் பற்றியுள்ளது. இரத்தத்தில் உள்ள கால்சியத்தை இது நாடுவதில்லை. காரீயத்தைக் கண்டவிடத்து, 2 கோடி மடங்கு வலிமையினால், கால்சியத்தை விட்டுக் காரீயத்தைப் பற்றுகின்றது.

கால்சியம் சேராத டைசோடியம் இ.டி.டி.ஏ. பெயரளவில் இதற்கு மிக நெருங்கியது. விளைவில் முற்றிலும் வேறானது. வெறுங்கொடுக்குடன் இரத்தத்துள் நுழையும் அது, அங்கே மிகுதியாகக் கிடைக்கும் கால்சியத்தையே முதலில் பற்றுகின்றது. கால்சியம் திடீரெனக் குறைந்தால் தசைகள் இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரையிலான காலத்தில் கொடுக்கிணைப்புச் சிகிச்சையின்போது கால்சியம் குறைந்து மூவர் உயிரிழந்தனர் என்பதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2006-ஆம் ஆண்டில் அறிவித்தது. மூவரில் இருவர் குழந்தைகள். அவர்களுள் இரண்டு வயதுப் பெண் குழந்தை காரீய நஞ்சுக்காகச் சிகிச்சை பெற்றுவந்தது. அதற்குச் செலுத்தப்பட்டது கால்சியம் சேராத உப்பு. மருந்தின் பெயரில் ஒரு சொல்லின் வேறுபாடு ஓர் உயிரின் வேறுபாடாயிற்று.

சரியான உப்பை அளித்தாலும் கவலை முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. காரீயத்துக்கு 18.0, துத்தநாகத்துக்கு 16.5 என்னும் எண்களை மீண்டும் நோக்குக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 30 மடங்கே. உடலில் துத்தநாகம் காரீயத்தைவிட மிகுதியாக உள்ளமையால், கால்சியம் சேர்ந்த உப்பும் துத்தநாகத்தைக் கணிசமாகச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றது. துத்தநாகம் குன்றினால் அதனை நம்பியுள்ள நொதிகள் குன்றும். மேலும் இ.டி.டி.ஏ. உயிரணுக்களின் உட்புறம் செல்ல இயலாதது. டைமெர்கேப்ராலோ கொழுப்பில் கரைந்து உட்செல்லக்கூடியது. மூளை பாதிக்கப்பட்ட கடுமையான காரீய நஞ்சில் டைமெர்கேப்ராலை முதலில் தொடங்கி, சில மணி நேரத்துக்குப் பின்னர் கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ.-வைத் தொடரும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

தாமிரம் உடலில் தேங்கும் வில்சன் நோய்க்கு வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர் 1956-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பெனிசிலமைன் பல உயிர்களைக் காத்தது. அம்மருந்து தாமிரத்தோடு நின்றுவிடாமல், வைட்டமின் பி6-இன் செயலுருவுடனும் சேர்ந்து, அதனைத் துணையாகக் கொண்ட நொதிகளுக்கு இடையூறு செய்யக்கூடும். ஆகவே அத்துடன் பி6 சேர்த்தளிப்பது வழக்கம். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் நார்ப்புரத்தின் பிணைப்புகளும் அதனால் தளரக்கூடும்.

வாய்வழி அளிக்கத்தக்க சக்சிமர் என்னும் மருந்து 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஒப்புதல் பெற்றது. இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த 780 குழந்தைகளிடம் இதனை ஆராய்ந்த முடிவு 2001-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் குறைந்தது. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் மருந்து பெறாத குழந்தைகளைவிட மேம்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ளபோது கொடுக்கிணைப்புச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றது. 5 மைக்ரோகிராம் கண்டபோதே காரீயம் எங்கிருந்து வருகின்றது என்பதைக் கண்டறிந்து அதனைத் தடுக்கவேண்டும் என்கின்றது. நொதியைக் காப்பதில் மருந்துக்கு முந்தியது மூலத்தை அகற்றுவதே. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து காரீயம் நீக்கப்பட்டதும், வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. பழைய மின்கலங்களை உருக்கும் இடங்களும், உரிந்துவிழும் பழைய வர்ணமும், நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலந்த மஞ்சள் தூளும் இன்னும் கவனத்துக்குரியனவே.

இரத்த மாதிரியும் குழாயும்

கொடுக்கிணைப்பானைக் களப்பணியாளர் அன்றாடம் கையாளும் இடம் இரத்த மாதிரிக் குழாயாகும். இரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் சிலவற்றுக்குக் கால்சியம் வேண்டும். ஊதா மூடியுள்ள குழாயில் பொட்டாசியம் இ.டி.டி.ஏ. பூசப்பட்டுள்ளது, அளவு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை. இவ்வளவு இ.டி.டி.ஏ. அந்த இரத்தத்தின் கால்சியம் முழுவதையும் பற்றிக்கொள்ளப் போதுமானதற்கும் மேற்பட்டது. ஆகவே இரத்தம் உறைவதில்லை. அணுக்களை எண்ணுவதற்கு அது ஏற்றதாகின்றது. இளநீல மூடியுள்ள குழாயில் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தை மென்மையாகவே பற்றுகின்றது. ஆய்வுக்கூடத்தில் மீண்டும் கால்சியம் சேர்த்ததும் உறைதல் தொடங்குகின்றது. அதற்கு ஆகும் நேரம் அளக்கப்படுகின்றது. இதற்கு ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்னும் விகிதம் பிறழலாகாது.

ஊதா மூடிக் குழாயின் இரத்தம் நொதிப் பரிசோதனைகள் பலவற்றுக்கு ஏற்றதன்று. ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸின் துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் இ.டி.டி.ஏ. கவர்ந்துகொள்வதால் அதன் அளவு பொய்யாகக் குறைந்து தோன்றும். அமிலேஸும் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியும் இவ்வாறே பாதிக்கப்படலாம். காரீயத்தைப் பற்றிய பரிசோதனையில் இது தெளிவாகப் புலப்படுகின்றது. இரத்தத்தில் உள்ள காரீயத்தின் அளவை அறிய, உலோக மாசற்ற இ.டி.டி.ஏ. குழாய் ஏற்றது. அதே காரீயத்தால் டிஹைட்ரடேஸ் நொதிக்கு நேர்ந்த கேட்டை அளக்க அது ஏற்றதன்று. நொதியின் துத்தநாகத்தை அதுவே எடுத்துவிடும். அதற்கு ஹெப்பாரின் குழாய் வேண்டும்.

குழாயைச் சரியாகத் தேர்ந்தாலும், ஊதா மூடிக் குழாயினின்று சிறிதளவு இரத்தம் சீரத்துக்கான குழாயில் சேர்ந்துவிட்டால் முடிவுகள் பிழையாகும். பொட்டாசியம் உயர்ந்தும், கால்சியம் தாழ்ந்தும், ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் தாழ்ந்தும் ஒருசேரக் காணப்படுவது இக்கலப்பின் அடையாளம். இதன் கேடு சிறிதன்று. வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையுற்ற குழந்தைக்கு ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் உயர்ந்திருக்கவேண்டும். மாதிரியில் இ.டி.டி.ஏ. கலந்திருந்தால் அவ்வுயர்வு மறைந்து, நோய் அறியப்படாமற் போகலாம். பொட்டாசியம் உண்மையில் சரியாக உள்ள நோயாளிக்கு அதனைக் குறைக்கும் மருந்து வீணே அளிக்கப்படலாம்.

ஆதலால் கடைப்பிடிக்கவேண்டியவை மூன்று. சிட்ரேட் குழாயையும் சீரக் குழாயையும் ஹெப்பாரின் குழாயையும் நிரப்பிய பின்னரே இ.டி.டி.ஏ. குழாயை நிரப்புதல் வேண்டும். ஒரு குழாயில் இரத்தம் குறைந்தது என்று மற்றொரு குழாயினின்று ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. மேற்கூறிய மூன்று மாறுதல்களும் ஒருசேரக் காணப்பட்டால், சிகிச்சைக்கு முன்னர் புதிய மாதிரி எடுத்து அனுப்புதல் வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் கொடுக்கிணைப்பான் நொதிக்குக் காவலாக நிற்பதும் உண்டு. கிரியேட்டின் கைனேஸை அளக்கும் கரைசலில், இடையூறு செய்யும் உலோகங்களைப் பற்றுவதற்காக இ.டி.டி.ஏ. சேர்க்கப்படுகின்றது, நொதிக்கு வேண்டிய மக்னீசியம் தாராளமாக அளிக்கப்படுகின்றது. ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸுக்குத் துத்தநாகம் வேண்டுமாயினும் மிகுந்தால் அதுவே தடையாகும். ஆகையால் அதனை அளக்கும் கரைசலில் துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் அளவான கொடுக்கிணைப்பானுடன் சேர்த்து, மிகாமலும் குறையாமலும் நிறுத்துகின்றனர்.

வகுப்பறையில் காட்டத்தக்க சோதனை

உலோகத்துக்காக இரண்டு கொடுக்குகள் போட்டியிடுவதைக் கண்ணால் காணும்படி ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். கிணற்று நீர் போன்ற கடின நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, அம்மோனியத் தாங்கல் கரைசலைச் சேர்த்துக் காரத்தன்மையை பி.எச். 10 அளவில் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சிறிது இடுதல் வேண்டும். நிறங்காட்டி நீரில் உள்ள மக்னீசியத்தைப் பற்றி ஒயின் சிவப்பு நிறம் கொள்ளும். பின்னர் இ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். முதலில் தனித்துள்ள கால்சியமும் மக்னீசியமும் பற்றப்படும், நிறம் மாறாது. இறுதியில் நிறங்காட்டியின் பிடியில் உள்ள மக்னீசியமும் பறிக்கப்படும். அக்கணமே நிறம் நீலமாகும்.

இந்நிறங்காட்டியின் இடத்தில் ஒரு நொதியை மாணவர் எண்ணிப் பார்க்கட்டும். நிறங்காட்டி உலோகத்தை இழந்ததும் நிறம் மாறுகின்றது. நொதி உலோகத்தை இழந்ததும் செயல் மாறுகின்றது. குடுவையில் மேலும் சிறிது மக்னீசிய உப்பைச் சேர்த்தால் சிவப்பு மீளும். உலோகம் நீங்கிய கார்பாக்சிபெப்டிடேஸ் துத்தநாகம் பெற்று மீண்டதும் இவ்வாறே. அம்மோனியா ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும் ஆதலின் காற்றோட்டமான இடத்தில் இதனைச் செய்தல் நன்று.

கொடுக்கிணைப்பானுக்கு நஞ்சு இன்னது, மருந்து இன்னது என்று பகுத்தறியும் ஆற்றல் இல்லை. அதன் கொடுக்கில் முன்னரே எந்த உலோகம் உள்ளது, எதிரே உள்ள உலோகம் எவ்வளவு வலிமையாகப் பற்றப்படுவது, உடலில் எவ்விடம் வரை அது செல்லவல்லது, எவ்வளவு நேரம் தங்குவது என்னும் நான்கினால் அதன் பயனும் கேடும் அமைகின்றன. உடலில் உள்ள உலோகத்தையெல்லாம் கழுவி வெளியேற்றுவதாக விளம்பரம் செய்யப்படும் மருந்துகளைப் பற்றி மக்கள் கேட்கும்போது, நச்சு உலோகம் உள்ளதென்று பரிசோதனையால் உறுதிப்பட்டு, மருத்துவரின் நேர்ப்பார்வையில் அளிக்கப்பட்டாலன்றி இம்மருந்துகள் உடலின் நொதிகளுக்கே ஊறு செய்யும் என்பதை எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமையாகும்.